மாக்ஸ் டேன்: நான்முகியை வெட்டிப் பார்த்த வடிவியலாளர்

நீங்கள் கேட்டது இது: காஸ், ரீமான், ஃபெலிக்ஸ் கிளைன் போன்ற ஜெர்மன் கணிதவியலாளர்களைப் பற்றி நிறையப் படிக்கக் கிடைக்கிறது. மாக்ஸ் டேன் என்ற பெயர் மட்டும் "ஹில்பர்ட்டின் மூன்றாவது கணக்கைத் தீர்த்தவர்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது. அவர் யார், அந்தக் கணக்கு என்ன, அதைத் தவிர வேறு என்ன செய்தார்?

டேன் எனக்கு மிகவும் பிடித்தவர். அதனால் நீளமாகவே எழுதப் போகிறேன். அந்த ஒற்றை வரி சரிதான், ஆனால் அது அவர் 21 வயதில் செய்த வேலை. அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். இன்று முடிச்சுகளையும் முப்பரிமாண வெளிகளையும் ஆராய்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் நாலு பக்கம் எழுத முடியாது. அவருடைய எல்லா வேலையிலும் ஒரே குணம் தெரியும். எந்தக் கேள்வி வந்தாலும் அதைக் கண்ணால் பார்க்கிற ஒரு படமாக மாற்றிக்கொள்வார். பிறகு, இதை வெட்டினாலும் வளைத்தாலும் ஒட்டினாலும் எது மாறாமல் நிற்கிறது என்று தேடுவார்.

1878 நவம்பர் 13 அன்று ஹாம்பர்க் நகரில் பிறந்தார். அப்பா மருத்துவர், வீட்டில் எட்டுப் பிள்ளைகள். யூத வம்சாவளிக் குடும்பம். பின்னாளில் அவருடைய வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது இந்த ஒரு விஷயம்தான். படிக்க கோட்டிங்கன் பல்கலைக்கழகம் போனார், அன்றைய முன்னணிக் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட்டிடம் சேர்ந்தார். போன நேரம் நல்ல நேரம். 1899-இல்தான் ஹில்பர்ட் வடிவியலின் அடிப்படைகளைப் பற்றிய தன் நூலை வெளியிட்டிருந்தார். யூக்ளிட் காலத்திலிருந்து "இது தெரிந்ததுதானே" என்று விட்டுவைத்த ஒவ்வொன்றையும் எடுத்து, எந்த அடிப்படை விதி எதற்குத் தேவை என்று சோதித்துக்கொண்டிருந்த காலம் அது.

டேனின் முனைவர் பட்ட ஆய்வும் அந்த வகைதான். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்கு மேல் போகாது என்பதை லெஜாந்தர் என்ற பிரெஞ்சுக்காரர் இணைகோடு விதியின் (ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் போகும் என்ற விதி) உதவி இல்லாமலே நிறுவியிருந்தார். அந்த நிறுவலுக்குள் வேறொரு விதி ஓசைப்படாமல் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு சிறிய அளவுகோலாக இருந்தாலும், திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டே போனால் எந்த நீளத்தையும் தாண்டிவிடலாம் என்கிற ஆர்க்கிமிடீஸ் விதி. அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று டேன் பார்த்தார். ஒரு கோட்டுக்கு ஒரே புள்ளி வழியாக எண்ணற்ற இணைகோடுகள் போகிற, அதே சமயம் முக்கோணத்தின் கோணங்கள் 180-ஐத் தாண்டுகிற ஒரு வடிவியலையே கட்டிக் காட்டினார். ஆக, லெஜாந்தருக்கு ஆர்க்கிமிடீஸ் இல்லாமல் முடியாது. இருபத்தோரு வயதுப் பையன் செய்த வேலை இது.

இப்போது மூன்றாவது கணக்குக்கு வருவோம். இதை அவசரப்படாமல் சொல்ல ஆசை.

தாளில் வரைந்த வடிவங்களிலிருந்து தொடங்கலாம். ஒரு முக்கோணம் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு போட்டு, அதன் வழியே கத்தரியுங்கள். மேலே கிடைக்கும் சின்ன முக்கோணத்தை உச்சியிலிருந்து செங்குத்தாக இரண்டாக வெட்டுங்கள். அந்த இரண்டு துண்டையும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று திருப்பி வைத்தால் ஒரு செவ்வகம் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் சிரமப்பட்டால் செவ்வகத்தைச் சதுரமாகவும் மாற்றலாம். 1830-களில் ஃபார்கஷ் போயாயும் கெர்வீனும் இதைப் பொதுவாகவே நிறுவினார்கள்: பரப்பளவு சமமாக உள்ள எந்த இரண்டு பலகோணங்களை எடுத்தாலும், ஒன்றைச் சில துண்டுகளாக வெட்டி மற்றதாக அடுக்கிவிடலாம். எனவே பரப்பளவு என்பதைப் புரிந்துகொள்ளக் கத்தரிக்கோல் ஒன்றே போதும்.

கனவடிவங்களுக்கு இது நடக்குமா? பிரமிடின் கன அளவு அடிப்பரப்பு பெருக்கல் உயரத்தில் மூன்றில் ஒன்று என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அந்த மூன்றில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் விழிப்போம். யூக்ளிட் தன் பன்னிரண்டாம் நூலில் இதற்கு ஒரு நிறுவல் தருகிறார். ஆனால் அது வெட்டி அடுக்குகிற நிறுவல் கிடையாது. உள்ளே பட்டகங்களை அடுக்கி, மிச்சத்தில் மறுபடி அடுக்கி, அதன் மிச்சத்தில் மறுபடி என்று முடிவில்லாமல் போகிற முறை. காஸுக்கு இது உறுத்தியது. 1844-இல் கெர்லிங் என்ற நண்பருக்கு எழுதிய கடிதங்களில், இவ்வளவு எளிய ஒரு விஷயத்துக்கு முடிவிலி வரை போக வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்பட்டார். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் இரண்டு நான்முகிகளை (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட பிரமிடுகளை)ப் பன்னிரண்டு துண்டுகளில் ஒன்றை மற்றதாக மாற்றலாம் என்று கெர்லிங் காட்டிவிட்டார். பொதுவான கேள்வி அப்படியே நின்றது.

1900 ஆகஸ்ட்டில் பாரிஸ் மாநாட்டில் ஹில்பர்ட் தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். அதன் அச்சு வடிவத்தில் 23 கணக்குகள் இருந்தன. மூன்றாவது இதுதான்: அடிப்பரப்பும் உயரமும் சமமாக இருந்தும், ஒன்றை வெட்டி மற்றதாக அடுக்கவே முடியாத இரண்டு நான்முகிகளைக் காட்டுங்கள். ஹில்பர்ட்டின் கேள்வியிலேயே "முடியாது" என்ற யூகம் இருந்ததைக் கவனியுங்கள். அந்த 23-இல் முதலில் விழுந்தது இந்தக் கணக்கு. அதே ஆண்டிலேயே டேன் அதை முடித்துவிட்டார்.

எப்படி? முடியும் என்று காட்டுவது சுலபம், வெட்டிக் காட்டினால் போதும். முடியாது என்று எப்படிக் காட்டுவது? வெட்டுவதற்கு எண்ணற்ற வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்த்து முடியாது. வெட்டும்போது மாறவே மாறாத ஓர் அளவைக் கண்டுபிடித்து, அது இரண்டு வடிவங்களுக்கும் வேறு வேறாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். டேன் பிடித்துக்கொண்டது விளிம்புகளை.

ஒரு கனவடிவத்தின் விளிம்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று நீளம். இன்னொன்று, அந்த விளிம்பில் சந்திக்கும் இரண்டு முகங்களுக்கு நடுவே உள்ள கோணம். பாதி திறந்த புத்தகத்தின் முதுகில் தெரிகிற கோணம் அது. கனசதுரத்தில் எல்லா விளிம்பிலும் இது 90 பாகை. ஒழுங்கான நான்முகியில் 70.53 பாகைக்குக் கொஞ்சம் பக்கம்.

இப்போது ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு விலை வைப்போம். இரண்டே நிபந்தனை. கோணங்களைக் கூட்டினால் விலைகளும் கூட வேண்டும். 180 பாகையின் விலை பூஜ்யம். துணிக்கடையில் போல, ஒவ்வொரு விளிம்புக்கும் நீளத்தை அதன் கோண விலையால் பெருக்கி, எல்லா விளிம்புகளுக்கும் கூட்டி மொத்தம் போடுங்கள். இனி வடிவத்தை இஷ்டப்படி வெட்டுங்கள். மொத்தம் என்ன ஆகிறது?

ஒரு விளிம்பு குறுக்கே வெட்டுப்பட்டால் நீளம் இரண்டாகப் பிரியும், மொத்தம் மாறாது. கத்தி விளிம்பின் வழியாகவே இறங்கினால் கோணம் இரண்டாகப் பிரியும், விலைகள் கூட்டிக்கொள்வதால் மொத்தம் மாறாது. கத்தி புதிதாக உருவாக்குகிற விளிம்புகள் என்ன ஆகும்? வடிவத்தின் நடுவே தோன்றினால், அதைச் சுற்றியுள்ள துண்டுகளின் கோணங்கள் சேர்ந்து 360. ஏதாவது ஒரு முகத்தின் மேல் தோன்றினால் சேர்ந்து 180. இரண்டுக்கும் விலை பூஜ்யம். ஆக எத்தனை ஆயிரம் துண்டு போட்டாலும் துண்டுகளின் மொத்தமும் முழு வடிவத்தின் மொத்தமும் ஒன்றுதான். துண்டுகளை வேறு விதமாக அடுக்கிப் புது வடிவம் செய்தால், அதற்கும் அதே மொத்தம்தான்.

கனசதுரத்துக்கு மொத்தம் என்ன? 90-ஐ இரண்டு தடவை கூட்டினால் 180, அதன் விலை பூஜ்யம், எனவே 90-இன் விலையும் பூஜ்யம். பன்னிரண்டு விளிம்புக்கும் சேர்த்துப் பூஜ்யம். நான்முகிக்கு? அதன் கோணம் 180-இன் முழுப் பின்னமாக இருந்தால், அதாவது சில தடவை கூட்டினால் 180-இன் மடங்காக வந்து நிற்குமானால், அதற்கும் பூஜ்யம்தான் வரும், கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அது அப்படி நிற்பதே இல்லை. அந்தக் கோணத்தின் கொசைன் சரியாக 1/3. இருமடங்குக் கோணத்தின் கொசைன் −7/9. மும்மடங்குக்கு −23/27. நான்மடங்குக்கு 17/81. கீழே 3, 9, 27, 81 என்று போய்க்கொண்டே இருக்கிறது, மேலே உள்ள எண் ஒருபோதும் 3-ஆல் வகுபடுவதில்லை. ஆகவே பின்னம் சுருங்கி 1 அல்லது −1 ஆவதில்லை. 180-இன் மடங்குகளுக்குக் கொசைன் 1 அல்லது −1 ஆகத்தானே இருக்க வேண்டும்? அதனால் இந்தக் கோணம் எத்தனை மடங்கு போனாலும் அங்கே வந்து சேராது. அப்படியானால் நம் இரண்டு நிபந்தனைகளையும் மீறாமல், அதற்கு விலை 1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்முகியின் மொத்தம் பூஜ்யம் இல்லை, கனசதுரத்தின் மொத்தம் பூஜ்யம். எவ்வளவு கூர்மையான கத்தி எடுத்தாலும், எத்தனை துண்டு போட்டாலும், ஒழுங்கான நான்முகியைக் கனசதுரமாக அடுக்க முடியாது. அடிப்பரப்பும் உயரமும் சமமான நான்முகிகளை எல்லாம் வெட்டி மாற்ற முடிந்திருந்தால் இதுவும் முடிந்திருக்கும், எனவே ஹில்பர்ட்டின் யூகம் சரி.

நான் முதன்முதலில் இதைப் புரிந்துகொண்டது அட்டையில்தான். ஒரே அளவில் ஐந்து நான்முகி செய்து, ஒரு பொதுவான விளிம்பைச் சுற்றி ஒட்டிப் பார்த்தேன். முழுச் சுற்று வந்துவிட்டது போலவே தெரியும். கடைசி இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு விரலின் பருமனுக்கு இடைவெளி, ஏழு பாகைக்குச் சற்று மேல். நான்முகிகளை அடுக்கி வெளியை இடைவெளி இல்லாமல் நிரப்பலாம் என்று அரிஸ்டாட்டிலே எழுதிவிட்டார், அதைப் பலர் வெகுகாலம் நம்பினார்கள். அந்த ஏழு பாகையைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு டேனின் நிறுவல் எனக்கு வெறும் குறியீடாகத் தெரியவில்லை.

டேன் எழுதிய மூலக் கட்டுரை இப்படிப் படிக்க இலகுவாக இருக்காது. காகன் 1903-இல் அதைச் சீர்செய்தார், பிறகு ஹாட்விகர் இன்றுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் விளிம்பைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் டேனுடையது. இன்றைக்கு அந்த மொத்தத்துக்கு "டேன் மாறிலி" என்றே பெயர். கன அளவும் டேன் மாறிலியும் இரண்டும் சமமாக இருந்தால் நிச்சயமாக வெட்டி அடுக்க முடியும் என்ற மறுபாதியை 1965-இல் சீட்லர் நிறுவினார். 65 வருட இடைவெளி. 1903-இல் டேன் இதே பாணியில் இன்னொரு அழகான விஷயமும் காட்டினார்: ஒரு செவ்வகத்தைச் சில சதுரங்களாக மிச்சமில்லாமல் பிரிக்க முடிந்தால், அதன் நீள அகல விகிதம் முழு எண்களின் விகிதமாகத்தான் இருக்கும்.

1901 முதல் பத்து வருடம் மூன்ஸ்டரில் பாடம் எடுத்தார். பிறகு கீல், அப்புறம் 1913-இலிருந்து பிரெஸ்லாவ். நடுவில் 1912-இல் டோனி லாண்டாவுடன் திருமணம். முதல் உலகப்போரில் 1915 முதல் 1918 வரை ஜெர்மன் ராணுவத்தில் இருந்தார். இந்தக் காலத்தில்தான் அவருடைய கவனம் டோபாலஜி பக்கம் திரும்பியது. பழைய வடிவியல் கத்தரிக்கோலும் அளவுகோலும் வைத்திருந்தால், டோபாலஜி அளவுகோலைத் தூர எறிந்துவிடுகிறது. இழுக்கலாம், வளைக்கலாம், கிழிக்க மட்டும் கூடாது.

1910, 1911, 1912, 1914 ஆகிய ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 1910-இல் வந்ததில் ஒரு யோசனை: முடிச்சுப் போட்ட கயிற்றைச் சுற்றி ஒரு குழாயளவு வெளியைத் தோண்டி எடுங்கள், அதை முறுக்கித் திருப்பி அதே பள்ளத்தில் ஒட்டிவிடுங்கள். வெளியின் அமைப்பே மாறிப் புதிய ஒரு முப்பரிமாண உலகம் கிடைக்கும். இதற்கு இன்று "டேன் அறுவை" என்று பெயர். 1960-களின் தொடக்கத்தில் வாலஸும் லிக்கரிஷும் தனித்தனியே ஒன்றை நிறுவினார்கள்: எல்லையற்றுப் பரவாத, இடம் வலம் குழம்பாத முப்பரிமாண வெளி எதுவாக இருந்தாலும், சாதாரண முப்பரிமாணக் கோளத்தில் சில முடிச்சுகளின் மேல் இந்த அறுவையைச் செய்தே அதை அடைந்துவிடலாம். டேன் கையிலெடுத்த கத்தி எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்திருக்கிறது.

1911-இல் கேட்ட கேள்வி இன்னும் தூரம் போனது. இரண்டு துளை உள்ள மெதுவடை ஒன்றை மனதில் வையுங்கள். அதன் மேற்பரப்பை வெட்டித் தட்டையாக விரித்தால் ஓர் எண்கோணம் கிடைக்கும். அந்த எண்கோணங்களை ஒவ்வொரு மூலையிலும் எட்டு எட்டாகச் சேரும்படி பதித்துக்கொண்டே போகலாம். சாதாரணத் தரையில் இடம் போதாது, கோணங்கள் சுருங்குகிற ஹைப்பர்போலிக் தளத்தில் பதிக்க வேண்டும். இப்போது அந்தத் தரையின் கோடுகள் வழியே நடக்கிறீர்கள். "இந்த வழி, அந்த வழி" என்று ஒரு நீண்ட எழுத்து வரிசை உங்களுக்கு வழிகாட்டுகிறது. கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்களா, இல்லையா? வரிசையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

டேன் தரையைப் பார்த்தார். புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிற பாதை எதுவாக இருந்தாலும், ஒன்று, போன வழியிலேயே உடனே திரும்பியிருக்கும். இல்லையென்றால் எங்கோ ஓரிடத்தில் ஏதாவது ஓர் எண்கோணத்தின் சுற்றில் பாதிக்கு மேல் நடந்தே தீர வேண்டும். அப்படி நடந்திருந்தால் மறுபக்கமாகப் போவது குறுக்கு வழி. குறுக்கு வழியை எடுத்துக்கொள்ளுங்கள், பாதை சுருங்கும். மறுபடி தேடுங்கள், மறுபடி சுருக்குங்கள். ஒன்றுமில்லாமல் போனால் திரும்பி வந்துவிட்டீர்கள். சுருக்க முடியாமல் ஏதாவது மிஞ்சினால் வரவில்லை. குலங்கள் என்ற இயற்கணித அமைப்புகளையும் இப்படி எழுத்து வரிசைகளால் எழுதலாம். இதே கேள்வியை எல்லாக் குலங்களுக்கும் கேட்டால் பதில் சொல்லும் பொது முறை எதுவும் இருக்க முடியாது என்று 1950-களில் நோவிகோவும் பூனும் நிறுவினார்கள். கணினியால் என்ன முடியாது என்ற பெரிய விவாதத்துக்குள் டேனின் தரை ஓடுகளும் வந்துவிட்டன.

1914-இல், மிக எளிய முடிச்சான மூன்று மடிப்பு முடிச்சின் இடதுகை வடிவத்தை எப்படி இழுத்தாலும் வலதுகை வடிவமாக மாற்ற முடியாது என்று காட்டினார். கயிற்றில் போட்டுப் பார்த்த யாருக்கும் இது தோன்றியிருக்கும். தோன்றுவதை நிறுவ அவர் வர வேண்டியிருந்தது.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். 1910 கட்டுரையில் "டேன் துணைத்தேற்றம்" என்ற ஒன்று உண்டு. வளையம் ஒன்றின் மேல் விரித்த தகடு, விளிம்பைத் தாண்டி உள்ளே எங்கேனும் தன்னைத்தானே ஊடுருவினாலும், ஊடுருவாத வேறொரு தகட்டை அதே வளையத்தில் விரிக்க முடியும் என்பது அதன் சாரம். 1929-இல் ஹெல்முட் க்னேசர் அந்த நிறுவலில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார். டேனால் அதை அடைக்க முடியவில்லை. கிரேக்கக் கணிதவியலாளர் பாப்பாகிரியகோபூலோஸ் 1957-இல் சரியான நிறுவலைத் தந்தபோது டேன் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. தேற்றம் சரி, வழி தவறு. தப்பான நிறுவலோடு வந்து, 47 வருடம் ஒரு துறையையே தன் பக்கம் இழுத்து வைத்திருந்த வாக்கியம் இது. அதைச் சரியாகக் கண்டது அவருடைய கண்தான் என்று நான் நம்புகிறேன்.

1921-இல் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். பீபர்பாக் விட்டுப்போன நாற்காலி. அந்த பீபர்பாக்தான் பின்னாளில் நாஜிகளோடு சேர்ந்து "ஜெர்மன் கணிதம்" என்ற பேச்சைக் கிளப்பியவர். ஃபிராங்க்ஃபர்ட்டில் டேனோடு இருந்தவர்கள் கார்ல் லூட்விக் சீகல், எர்ன்ஸ்ட் ஹெல்லிங்கர், பால் எப்ஸ்டைன், ஓட்டோ சாஸ். 1922 முதல் 1935 வரை இவர்கள் சேர்ந்து கணித வரலாற்றுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். உலகத்தில் எங்காவது போய் ஒரு வகுப்பில் உட்காரலாம் என்றால் நான் தேர்ந்தெடுப்பது அதைத்தான். யூக்ளிட்டையும் ஆர்க்கிமிடீஸையும் கிரேக்கத்திலேயே படிப்பார்கள். லத்தீன் நூல்களை லத்தீனில். மாணவர்களும் பேராசிரியர்களும் ஒரே மேசை. ஒரு வரிக்கு அர்த்தம் பிடிபடவில்லை என்றால் அதிலேயே நிற்பார்கள். இதை ஒட்டிக் கட்டுரை வெளியிட்டுப் பெயர் வாங்க வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை. அங்கு வந்துபோன ஆந்த்ரே வெய், டேனைப் பார்த்தால் சாக்ரடீஸ் நினைவுக்கு வருவதாகப் பின்னர் எழுதினார்.

மாணவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். வில்ஹெல்ம் மாக்னஸுக்கு டேன் கொடுத்த தேற்றத்தை அவர் முழுக்க இயற்கணித வழியில் நிறுவிக்கொண்டு வந்தார். படம் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டே போயிருக்கிறீர்கள் என்ற பொருளில் டேன் சொன்னதாக மாக்னஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். இன்னொருவர் ரூத் மூஃபாங். 1931-இல் டேனிடம் பட்டம் பெற்று, எந்த இரண்டு கோடும் எங்காவது சந்திக்கிற புறவீழ்வுத் தளங்களுக்கும் இயற்கணிதத்துக்கும் உள்ள உறவில் பெரிய வேலை செய்தார். பெண் என்பதால் நாஜி அரசு அவருக்குக் கற்பிக்கும் உரிமையை மறுத்தது. போருக்குப் பிறகு அதே ஃபிராங்க்ஃபர்ட்டில் பேராசிரியரானார்.

நாஜிகள் வந்ததும் சாஸ் 1933-இலேயே வெளியேற வேண்டியதாயிற்று. போரில் பணியாற்றியவர்களுக்கு இருந்த விதிவிலக்கால் டேன் 1935 வரை தாக்குப்பிடித்தார். பிறகு அவரையும் அனுப்பிவிட்டார்கள். வகுப்பு நின்றது. 1938 நவம்பரில் ஜெர்மனி முழுவதும் யூதர்களின் ஜெபக்கூடங்களை எரித்தார்கள், கடைகளை உடைத்தார்கள். அந்த நாட்களில் டேனும் கைதானார். ஆனால் பிடித்துவந்தவர்களை அடைக்க இடமில்லை என்று அன்றைக்கே விட்டுவிட்டார்கள். கணவனும் மனைவியும் பாட் ஹோம்பர்க்கில் இருந்த நண்பர் வில்லி ஹார்ட்னர் வீட்டில் ஒளிந்துகொண்டார்கள். நவம்பர் 13 அன்று சீகல் ஊரிலிருந்து வந்து இறங்குகிறார். எதற்கு? அன்றைக்கு டேனுக்கு அறுபது வயது, வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார். வீட்டில் ஆளில்லை. தேடிக் கண்டுபிடித்து ஹார்ட்னர் வீட்டில் போய்ப் பார்த்தார். அறுபதாவது பிறந்தநாளை ஒரு மனிதர் இப்படியா கழிப்பது? ஹெல்லிங்கரை நாஜிகளின் டாக்கவ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு விடுதலையாகி அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். எப்ஸ்டைன் 1939-இல், ரகசியப் போலீஸின் அழைப்பாணை வந்த பிறகு, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

டேன் 1939 ஜனவரியில் கோபன்ஹேகன் வழியாகத் தப்பி, நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். 1940 மார்ச்சில் சீகல் அங்கேயும் வந்து பார்த்தார். இருவரும் நடந்து போகும்போது துறைமுகத்தில் ஜெர்மன் சரக்குக் கப்பல்கள் நின்றிருந்தன. அடுத்த மாதம் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்த பிறகுதான் அந்தக் கப்பல்கள் எதற்கு வந்திருந்தன என்று புரிந்தது.

இனி மேற்கே போக வழியில்லை, அட்லாண்டிக் போர்க்களம். அதனால் அமெரிக்கா போக அவர்கள் கிழக்கே கிளம்பினார்கள். ஸ்வீடன், ரஷ்யா, சைபீரியாவைக் கடக்கிற ரயில், விளாடிவஸ்தோக், ஜப்பான், பசிபிக் பெருங்கடல். 62 வயது, சைபீரியக் குளிர்காலம். வழியில் நிமோனியா வந்து பிழைத்ததே பெரிது. 1941 புத்தாண்டு அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள்.

அங்கே அவருக்குப் பெரிய பல்கலைக்கழகம் எதிலும் நிலையான இடம் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அகதிகளாக வந்த அறிஞர்கள் நிறைய, இருந்த வேலைகள் கொஞ்சம், அவருக்கோ ஓய்வு வயது. ஐடஹோ மாநிலத்தின் போகடெல்லோ, சிகாகோ, அனாபொலிஸ் என்று வருடத்துக்கு ஓரிடமாக மாறினார். கடைசியில் 1945-இல் வட கரோலினா மலைகளில் இருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியில் சேர்ந்தார். ஓவியர்களும் நெசவுக் கலைஞர்களும் இசைக்காரர்களும் நிறைந்த சின்னக் கல்லூரி. சம்பளம் மாதம் 40 டாலர், தங்க இடம், சாப்பாடு. அங்கே இருந்த ஒரே கணிதவியலாளர் அவர்தான்.

இந்த ஏழு வருடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இரக்கத்தோடு எழுதுகிறார்கள். வேலைச்சந்தையின் அநியாயம் உண்மை. ஆனால் டேன் அங்கே வாடிக்கிடந்தவராகத் தெரியவில்லை. கணிதம், தத்துவம், கிரேக்கம், லத்தீன் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கல்லூரியில் அவர் ஆற்றிய முதல் உரைகளில் ஒன்றே கணிதத்துக்கும் அலங்காரக் கலைக்கும் உள்ள பொதுவான வேர்களைப் பற்றியது. ஓவிய மாணவர்களுக்குப் புறவீழ்வு வடிவியலைக் கற்பித்தார். தூரத்தில் ரயில் தண்டவாளங்கள் ஒரு புள்ளியில் சேர்வதாகக் கண்ணுக்குத் தெரிகிறதே, அதையே விதியாக எடுத்துக்கொள்கிற வடிவியல் அது. ஓவியருக்கு அதைவிடப் பொருத்தமான கணிதம் வேறு என்ன இருக்கிறது? கோடைக் காலங்களில் அங்கு வந்த பக்மின்ஸ்டர் ஃபுல்லரோடு நண்பரானார். முக்கோணங்களால் குவிமாடம் கட்டிக்கொண்டிருந்த மனிதரும் நான்முகியை வெட்டிப் பார்த்த மனிதரும் ஒரே சாப்பாட்டு அறையில் இருந்தார்கள்.

1950-இல் டொரோதியா ராக்பர்ன் என்ற இளம் பெண் ஓவியம் கற்க அங்கு வந்தார். காலையில் மலைப்பாதையில் நடக்கும்போது டேன் அவருக்குச் செடிகளையும் இலைகளின் அடுக்கையும் காட்டி, இயற்கைக்குள் இருக்கும் கணிதத்தைச் சொல்லிக்கொடுத்தார். ராக்பர்ன் பின்னர் நியூயார்க்கில் பெரிய ஓவியராக ஆனார். காகிதத்தை மடித்தும் விரித்தும் கோடுகளை உருவாக்கும் அவருடைய படைப்புகளைப் பார்த்தால் அந்த நடைகளின் தடம் தெரியும். தன் கலையைத் தீர்மானித்தது டேனின் வகுப்புகள்தான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

1952 ஜூன் 27 அன்று, ரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பால் டேன் இறந்தார். 73 வயது. கல்லூரி வளாகத்திலேயே, தினமும் நடந்துபோன அந்தக் காட்டுக்குள் அவரைப் புதைத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, பாப்பாகிரியகோபூலோஸ் அந்தத் துணைத்தேற்றத்தின் ஓட்டையை அடைத்த அதே 1957-இல், பிளாக் மவுண்டன் கல்லூரியும் பணமில்லாமல் மூடப்பட்டது.